மழை தின்னாத பொடிச்சாமான்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நாங்கள் இருக்கும் பக்கம் அக்டோபரில் தொடங்கும் மழை மே வரை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். போர்ட்லாந்தைச் சுற்றியுள்ள காடுகளில் பாசி பிடிக்காத மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த மரத்தடிகளில் யாரோ ஒளித்து வைத்த டப்பாக்களைத் தேடிப் போவது எங்கள் வீட்டு வாரயிறுதிப் பொழுதுபோக்கு. டப்பாவில் என்ன வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அழகு, விலை எல்லாம் அப்புறம். அந்தச் சாமான் ஆறு மாதம் ஈரத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்று முதலில் யோசியுங்கள்.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு டப்பாவில் பதிவேட்டையும் சில பொடிச்சாமான்களையும் வைத்து எங்காவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடித்து, பதிவேட்டில் பெயர் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். உள்ளே ஏதாவது பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு அதே மதிப்புள்ளதோ அதைவிடக் கூடுதலானதோ ஒன்றை வைக்க வேண்டும்.

இந்த விளையாட்டு எங்கள் பக்கத்தில் பிறந்தது என்பதில் இங்குள்ளவர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 2000-ஆம் ஆண்டு மே தொடக்கம் வரை, பொதுமக்கள் கையில் இருந்த ஜிபிஎஸ் கருவிகளின் துல்லியத்தை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. காட்டும் இடம் நூறு மீட்டர் வரைகூடப் பிசகும். கிளின்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்திய கையோடு, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் பீவர்கிரீக் அருகே ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் இடக்குறியை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் மென்பொருள், வீடியோ, புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். எதையாவது எடு, எதையாவது வை என்ற வழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. இன்று அந்த இடத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. பார்க்கப் போனால் பெரிதாக ஒன்றும் இல்லை, சாலையோரக் காடுதான். ஆனாலும் இங்கே விளையாடுகிறவர்கள் ஒரு தடவையாவது போய்விட்டு வருவார்கள்.

சாமான் மாற்ற ஆசையென்றால் செயலியில் டப்பாவின் அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ‘மைக்ரோ’ என்று போட்டிருந்தால் அது நூறு மில்லிலிட்டருக்கும் குறைவு. பழைய ஃபிலிம் ரோல் டப்பியோ, விரல் நுனி அளவுக் குழாயோ இருக்கும். சுருட்டிய காகிதம் மட்டும்தான் அதில் நுழையும். குழந்தையைக் கூட்டிப் போய் அதைத் திறந்து காட்டினால் முகம் தொங்கிப்போகும். ‘ஸ்மால்’ என்பது ஒரு லிட்டர் வரை, ‘ரெகுலர்’ என்பது இருபது லிட்டர் வரை. இந்த இரண்டில்தான் சாமான் இருக்கும். ராணுவத்தில் தோட்டா வைக்கும் இரும்புப் பெட்டி கிடைத்தால் யோகம். மூடியின் ரப்பர் வளையம் நன்றாக இருந்தால் பத்து வருட மழைக்கும் உள்ளே காய்ந்தே இருக்கும். நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும் பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுத்த தரம். கடையில் சாப்பாடு கட்டித் தரும் மெல்லிய டப்பாவை ஒளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது முதல் குளிரிலேயே விரிசல் விட்டுவிடும், அப்புறம் உள்ளே இருப்பதெல்லாம் சூப்.

அந்த சூப்பில் என்னென்ன மிதக்கும் என்று எங்களுக்கு நன்றாகவே பழக்கம். கூழான ஸ்டிக்கர், ஒன்றோடொன்று ஒட்டிப்போன விளையாட்டு அட்டைகள், துருப்பிடித்த சாவிக்கொத்து, நூல் மட்டும் மிஞ்சிய கைக்கயிறு, துரித உணவுக் கடையில் சாப்பாட்டோடு தரும் பொம்மையின் கால் ஒன்று. சோப்புக்குமிழி ஊதும் குப்பி நிச்சயம் கசிந்திருக்கும். பலூன் பிசின்போல ஆகியிருக்கும். மெழுகு கிரேயான்கள் ஜூலை வெயிலில் உருகிப் பதிவேட்டோடு சேர்ந்துகொள்ளும். வைத்தவர்கள் எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். வீட்டு மேசை மீது அழகாகத் தெரிந்த சாமான் காட்டில் தாக்குப்பிடிக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

நான் இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். முதலாவது, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கும் காந்தம். உலோகச் சாமான் எதை வாங்கினாலும் அதில் காட்டிப் பார்ப்பேன். பளபளவென்று தங்க நிறத்தில் இருக்கும் சாவி வளையம் காந்தத்தில் ஒட்டினால், மேலே பூச்சு, உள்ளே இரும்பு என்று அர்த்தம். ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, பக்கத்தில் இருப்பதையும் பழுப்பாக்கிவிடும். ஒட்டாவிட்டால் பித்தளை, அலுமினியம், செம்பு, துத்தநாகம் என்று ஏதோ ஒன்று, பரவாயில்லை. இதற்கு விலக்கு நம் ஊர் நாணயம். இப்போது புழங்கும் ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டும், ஆனால் அது குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு. தாராளமாக வைக்கலாம். இரண்டாவது சோதனை இன்னும் எளிது. ஊறுகாய் பாட்டிலில் ஈர டிஷ்யூ காகிதத்தோடு சாமானைப் போட்டு, மூடி, ஜன்னலோரம் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். பூஞ்சை, துரு, சாயம் போவது எல்லாம் கண்ணாடி வழியாகவே தெரிந்துவிடும். மரச்சாமான் பெரும்பாலும் இதில் தோற்றுவிடும். ஊரிலிருந்து வந்த பம்பரத்தை அப்படிப் போட்டுப் பார்த்தேன். ஆணி துருப்பிடித்து, மரம் உப்பி, சாயம் டிஷ்யூவில் இறங்கிவிட்டது.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். டப்பா இறுக்கமாக மூடினால் கொஞ்சம் உதவும். மூடாத டப்பாவில் அது ஓரிகன் காற்றையெல்லாம் உலர்த்தப் பார்த்து ஓய்ந்துபோகும்.

இந்தச் சோதனைகளில் தேறி எங்கள் பையில் நிரந்தர இடம் பிடித்தவற்றைச் சொல்கிறேன். என் மனதுக்கு நெருக்கமானது பழைய பத்துப் பைசா. அலைவிளிம்பு வைத்த அந்த அலுமினியக் காசு ஞாபகம் இருக்கும்தானே? கூடவே மூலை மழுங்கிய சதுர ஐந்து பைசா, அறுகோண இருபது பைசா. 2011 ஜூன் இறுதியோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் செல்லாமல் போய்விட்டன. மளிகைக் கடையில் வாங்கமாட்டார்கள், ஆனால் வட்டக் காசு மட்டுமே பார்த்து வளர்ந்த இங்கத்துக் குழந்தைகளுக்கு அலைவிளிம்பு போட்ட காசு ஓர் அதிசயம். எடையே இல்லை, துருப்பிடிக்காது, ‘ஸ்மால்’ டப்பாவிலும் தாராளமாக நுழையும். நாங்கள் வைத்த டப்பாக்களின் இணையப் பக்கத்தில் அடுத்தடுத்து வருகிறவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்துப் பார்ப்பேன். “பூ மாதிரி இருந்த காசை என் மகன் எடுத்துக்கொண்டான்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்புறம் ஊருக்குப் போகும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் வீட்டு உண்டியலைக் குலுக்குவது என் வழக்கமாகிவிட்டது.

சோழி இன்னொன்று. அம்மா இங்கே வந்திருந்தபோது பல்லாங்குழி விளையாடக் கொண்டுவந்த பையில் கன்னியாகுமரியில் எப்போதோ வாங்கிய சோழிகள் நிறைய இருந்தன. பேத்தி ஒரு கைப்பிடி கேட்டாள்.

“காட்டுல எவனோ எடுத்துட்டுப் போறதுக்கு நல்ல சோழியைக் குடுப்பாங்களா? உடைஞ்சது நாலு இருக்கு, அதை எடுத்துக்கோ.”

“உடைஞ்சதை வச்சா சீட்டிங்னு எழுதுவாங்க பாட்டி.”

“எழுதட்டுமே, தமிழ்லயா எழுதப் போறாங்க?”

கடைசியில் நல்லதாகவே கொடுத்தார். கூடவே ஒரு சின்னச் செப்பில் இருந்த குன்றிமணிகளையும் நீட்டினார். அதை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. சிவப்பும் கறுப்புமாக அத்தனை அழகு, ஆனால் அதில் உள்ள ஆப்ரின் கடும் நஞ்சு. ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, மாலை கோக்கத் துளை போட்டிருந்தாலோ ஆபத்து. டப்பாவை அடுத்துத் திறப்பது இரண்டு வயதுக் குழந்தையாக இருக்கலாம். மஞ்சாடி விதை பரவாயில்லையே என்றார் அம்மா. விதை என்று எதுவுமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எலிக்கு அதெல்லாம் தீனி, ஈரத்தில் ஊறி நாறவும் செய்யும்.

சலங்கை மணி தனித்தனியாகக் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை கறுக்குமே தவிர கெடாது. உள்ளே உருளும் குண்டு இரும்பாக இருந்தால்தான் பிரச்சினை, காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். கோலிக்குண்டும் நல்ல சாமான். இங்கேயும் கோலி உண்டு என்பதால் புதுமை இல்லை, ஆனால் கண்ணாடிக்கு எந்த மழையும் பொருட்டே இல்லை. நவராத்திரி சமயம் மயிலாப்பூர் மாட வீதிகளில் விற்கும் சொப்புச் சாமான்களில் மரச்சொப்பை விட்டுவிட்டு பிளாஸ்டிக் சொப்பை எடுங்கள். கட்டைவிரல் உயர இட்லிப் பானையைப் பார்த்து இங்கே ஒருவர் அதை டெலஸ்கோப் என்று குறிப்பு எழுதியிருந்தார். கண்ணாடி வளையல் வேண்டாம், உடைந்து கையைக் கிழிக்கும். சாமி படம், விபூதிப் பொட்டலம் போன்றவற்றையும் நான் வைப்பதில்லை. மதப் பிரசுரம் வைக்கும் மற்ற மதத்தாரைப் பார்த்து இங்கே எல்லாரும் முகம் சுளிப்பார்கள், நாமும் அதே வேலையைச் செய்ய வேண்டாமே.

எதை வைத்தாலும் கெட்டியான ஜிப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டு, பென்சிலால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் சேர்த்துவிடுவேன். ‘இந்தியாவின் பழைய பத்துப் பைசா, இப்போது செல்லாது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். சீட்டு இல்லாத சோழி வெறும் கிளிஞ்சல். பேனா மை ஈரத்தில் பரவும், குளிரில் எழுதவும் எழுதாது. பக்கத்து மாநிலமான வாஷிங்டனில், டகோமாவில், ‘ரைட் இன் த ரெயின்’ என்று மழையில் நனைந்தபடியே எழுதக்கூடிய காகிதம் தயாரிக்கிறார்கள். ஒரு குறிப்பேடு வாங்கிச் சின்னச்சின்னதாக வெட்டிக்கொண்டால் வருடக்கணக்கில் வரும். பதிவேடு கூழாகிப்போன டப்பாவைப் பார்த்தால் அதில் ஒரு தாளைச் செருகிவிட்டு, உரிமையாளருக்கும் இணையத்தில் தகவல் எழுதிவிடுவோம்.

கண்டெடுப்பதில் எங்களுக்குப் பிடித்தவை வேறு ரகம். அந்தந்த ஊரில் மட்டும் கிடைப்பதாக இருக்க வேண்டும். ஓரிகன் கடற்கரையில் குளிர்கால அலைகள் மணலை அரித்துக் கொண்டுபோன பிறகு அகேட் கற்கள் வெளியே தெரியும். உள்ளூர் ஆட்கள் சிலர் அவற்றைப் பொறுக்கி, வாரக்கணக்கில் உருளைப் பொறியில் சுழலவிட்டு மெருகேற்றி டப்பாக்களில் வைக்கிறார்கள். தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவும் கல் ஒன்று கிடைத்தால் அன்றைக்கு மகள் வேறெதையும் பார்க்கமாட்டாள். ஒருமுறை அறுத்து மெருகிட்ட ‘தண்டர்எக்’ துண்டு ஒன்றும் கிடைத்தது. வெளியே சொரசொரப்பான மண் உருண்டை, உள்ளே நட்சத்திரம்போலப் படிகம். 1965 முதல் அதுதான் ஓரிகனின் மாநிலக் கல். அந்தத் துண்டுக்கு ஈடாக எதை வைப்பது என்று பையைக் கொட்டிப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை. ஐந்து காசும் மூன்று சலங்கையும் இரண்டு சோழியும் சேர்த்து வைத்துவிட்டு வந்தோம்.

அழுத்திய பென்னியும் பிடிக்கும். விலங்குக் காட்சி சாலைகளில் ஓர் இயந்திரம் இருக்கும். ஒரு சென்ட் காசைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் நீள்வட்டமாக நசுங்கி, நீர்நாயோ யானையோ பதிந்து வரும். 1982-க்கு முந்தைய பென்னியாகப் பார்த்துப் போடுங்கள். அதற்குப் பிந்தையது துத்தநாகத்தின் மேல் செம்புப் பூச்சு, நசுக்கும்போது பூச்சு கிழிந்து வெள்ளைக் கோடு தெரியும், ஈரத்திலும் சீக்கிரம் அரித்துவிடும். 2025-இல் புழக்கத்துக்கான பென்னி அச்சடிப்பதையே நிறுத்திவிட்டதால், இனி இந்தச் சாமானுக்கு மவுசு கூடும் என்பது என் ஊகம். சிலர் தங்கள் விளையாட்டுப் பெயரைப் பொறித்த மரவில்லை, சட்டையில் குத்தும் பொத்தான், எனாமல் காசு என்று அடையாளச் சாமான் செய்து வைத்திருப்பார்கள். அதே பெயர் வேறொரு காட்டில் வேறொரு டப்பாவில் தலைகாட்டும்போது, முகம் தெரியாத ஆளோடு பழக்கம் ஆனது மாதிரி இருக்கும்.

வைக்கவே கூடாதவை பற்றி விதி தெளிவாக இருக்கிறது: உணவு, மது, புகையிலை, ஆயுதம், வெடி, மருந்து. முதல் வாளியிலேயே பீன்ஸ் டின் இருந்தது என்று சிலர் வாதம் செய்வார்கள். அந்த டின்னே இன்று உணவாக இல்லாமல் விளையாட்டின் நினைவுப் பொருளாக ஊர் சுற்றி வருகிறது என்பது வேறு கதை. சாப்பாட்டு வாசனை வந்தால் ரக்கூன் டப்பாவைத் திறக்கப் பார்க்கும், எலி கடித்து ஓட்டை போடும். வாசனை என்றால் தின்பண்டம் மட்டும் இல்லை. ஊதுபத்தி, சந்தன வில்லை, வாசனை சோப்பு, உதட்டுப் பூச்சு எல்லாமே அதில் சேரும். சந்தன மணம் வரும் புத்தகக் குறிப்பட்டையை நல்ல சாமான் என்று நினைத்து நம்மவர்கள் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். காட்டு மிருகத்துக்கு அதுவும் ஒரு புதிய வாசனைதான்.

இங்கே பழுப்பு நிறத்து ஆள் ஒருவர் பூங்கா பெஞ்சின் அடியில் கையை விட்டுத் துழாவினால் சிலர் நின்று பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் என் கணவரிடம் நாயோடு நடந்துவந்த ஒருவர், என்ன தேடுகிறீர்கள் என்று விறைப்பாகவே கேட்டார். மகள் பையைத் திறந்து சலங்கையையும் சோழியையும் காட்டி விளையாட்டை விளக்க ஆரம்பித்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் அவரும் தேட உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தனியாகப் போகும்போதும் என் கணவர் அந்தப் பையை எடுத்துக்கொண்டுதான் போகிறார். குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாக்களைக் குழந்தை இல்லாமல் தேடுவதே இல்லை. கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: எங்கள் பள்ளத்தாக்கில் மூன்று இலைக் கொத்தாக வளரும் பாய்ஸன் ஓக் பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். குச்சியால் விலக்கிப் பார்த்துவிட்டு, கையுறையோடு டப்பாவை எடுங்கள்.

கடைசியாக, புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்பும் சமாச்சாரம். டப்பாவில் ராணுவ வீரர் கழுத்தில் போடுவது மாதிரி ஒரு உலோகத் தகடு, அதில் வண்டு படம், எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு, கூடவே ஏதாவது பொம்மை தொங்கினால் அது பொடிச்சாமான் இல்லை. ‘டிராவல் பக்’ என்பார்கள். அது ஊர் சுற்ற வேண்டிய பொருள், அதற்குச் சொந்தக்காரர் உண்டு. அதை எடுத்தால் பதிலுக்கு எதுவும் வைக்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டொரு வாரத்துக்குள் வேறொரு டப்பாவில் வைத்து, குறியீட்டை இணையத்தில் பதிய வேண்டும். நகர்த்த முடியாது என்று தோன்றினால் எடுக்காமல், பார்த்தேன் என்று மட்டும் பதிவு செய்யலாம். ‘ஜியோகாயின்’ எனப்படும் கனமான காசுகளும் அப்படித்தான். குழந்தை அது வேண்டும் என்று அடம்பிடிக்கும். எங்கள் வீட்டில், அடுத்த டப்பா வரை அதைச் சுமக்கும் வேலை மகளுடையது என்று கொடுத்துவிட்டோம், சண்டை முடிந்தது.

இந்தக் குறியீட்டை எங்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால், 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் ஒன்று இருக்கிறது. ஷெர்லாக் என்ற கருவியைச் சரிபார்க்க வைத்திருக்கும் பலகையில், விண்வெளி வீரரின் தலைக்கவசக் கண்ணாடிப் பொருளால் ஆன துண்டு ஒன்றில் பொறித்திருக்கிறார்கள். ஊர்தி அனுப்பும் படத்தில் அதைப் படித்து, பூமியில் உட்கார்ந்தபடியே பதிவு செய்யலாம்.

நாங்கள் விட்டிருப்பது அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரு பெரிய சலங்கை மணியைத் தகட்டோடு கோத்து, கடல் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் போக வேண்டும் என்று குறிப்பு எழுதி, ஓரிகன் கடற்கரையில் ஒரு டப்பாவில் வைத்தோம். கலிஃபோர்னியா வரை ஒழுங்காகப் போனது. அப்புறம் ஒரு புண்ணியவான் நெவாடா பாலைவனத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்படிப் போவதும், ஒரேயடியாகக் காணாமல் போவதும் சகஜம். அதனால் விலை கூடிய ஜியோகாயின் வாங்கினால் அசலை வீட்டில் வைத்துக்கொண்டு, குறியீடு எழுதிய பிளாஸ்டிக் நகலை மட்டும் அனுப்புங்கள். டிராவல் பக் வாங்கும்போது நகல் தகடு ஒன்று சேர்ந்தே வரும், அதைத் தொலைக்காமல் எடுத்து வையுங்கள். குறியீடு தெரியும்படி படம் எடுத்து எங்கும் போடாதீர்கள், பார்க்காதவர்களும் பார்த்ததாகப் பதிந்துவிடுவார்கள். தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைக்க ஆசையாக இருந்தால், அங்கே டப்பாக்கள் குறைவு என்பதால் பக் எங்காவது மாதக்கணக்கில் தங்கிவிடும். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நண்பர் கையில் கொடுத்து, எந்த டப்பாவில் வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்து அனுப்புவதுதான் நடக்கிற காரியம்.